சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்குப் புரோபயாடிக் கொடுக்கலாமா?

உங்கள் மகனுக்கு 15 வயது. பிறவியிலேயே வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய், சுருக்கமாக சி.எஃப். அந்த நோயின் மூலக் கோளாறைத் திருத்தும் காஃப்ட்ரியோ மருந்தை மூன்று வருடமாக எடுக்கிறான், இருமல் குறைந்திருக்கிறது, ஊதும் பரிசோதனையில் எண்கள் நன்றாக வருகின்றன. ஆனால் வயிறு மட்டும் சரியாகவில்லை. உப்புசம், வாயு, சில நாள் வலி, ஆன்டிபயாடிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. நண்பன் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு 5,000 கோடி நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் காப்ஸ்யூலும் ஒரு ‘குடல் பொடி’யும் வாங்கித் தரச் சொல்கிறான். கொடுக்கலாமா, எந்த பிராண்டு நல்லது, ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா தயிரும் மோரும் போதும் என்கிறாரே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் மனதில் இருப்பது பிராண்டு இல்லை. நுரையீரலுக்கு இவ்வளவு செய்ய முடிந்த மருத்துவத்தால் இந்த வயிற்றை ஏன் சரிசெய்ய முடியவில்லை, நாமாக வெளியே தேடித்தான் ஆக வேண்டுமா என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் சென்னையில் உணவியல் படித்தவள். பிறகு இங்கிலாந்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் சி.எஃப். குழுவில் 14 வருடம் டயட்டீஷியனாக வேலை பார்த்தேன். மருத்துவர் இல்லை, உங்கள் பையனைப் பார்த்ததும் இல்லை. அதனால் அவனுக்கு இத்தனை காப்ஸ்யூல் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். எது உறுதி, எது இன்னும் இழுபறி என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியானது. சி.எஃப்.பை நாம் நுரையீரல் நோயாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் 1938ல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் இதை விவரித்தபோது கணையத்தின் நோயாகத்தான் விவரித்தார். சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம் உப்பும் பைகார்பனேட்டும் செல்லுக்கு வெளியே போக வழிவிடுகிறது. அது வேலை செய்யாவிட்டால் குடலில் சுரக்கும் சளி கெட்டியாகிறது. வயிற்று அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் போதாமல் போகிறது. கணையத்தின் குழாய்கள் அடைபடுகின்றன, பலருக்குக் கருவில் இருக்கும்போதே. சி.எஃப். உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கொழுப்பைச் செரிக்கும் என்சைம் போதிய அளவு வருவதில்லை. காஃப்ட்ரியோ போன்ற மருந்தை 12 வயதுக்கு மேல் தொடங்கும்போது கணையம் பெரும்பாலும் தழும்பாகிவிட்டிருக்கும். அது மீண்டு வருவது அபூர்வம். அந்த மருந்தால் வயிற்றுத் தொல்லை ஓரளவு குறைகிறது, முற்றிலும் போவதில்லை. உணவு சிறுகுடலைக் கடக்க அதிக நேரம் எடுப்பதை நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. படங்களிலேயே காட்டியிருக்கிறார்கள். இதோடு அடிக்கடி ஆன்டிபயாடிக், கொழுப்பு அதிகமான சாப்பாடு எல்லாம் சேர, குடலில் வாழும் நுண்ணுயிர்களும் மாறிவிடுகின்றன. பிஃபிடோபாக்டீரியம் போன்றவை குறைந்து, ஈ. கோலை வகைகள் கூடுகின்றன. இந்த மாற்றம் உண்மை. அதனால்தான் ‘நல்ல கிருமியைக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் எல்லோருக்கும் நியாயமாகப் படுகிறது. 2017ல் பிரிட்டனில் நோயாளிகளும் குடும்பங்களும் மருத்துவர்களும் சேர்ந்து சி.எஃப். ஆராய்ச்சிக்கான பத்து முக்கியக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தபோது, வயிற்று வலி, உப்புசம், குமட்டலைக் குறைப்பது எப்படி என்பது இரண்டாம் இடத்தில் வந்தது. உங்கள் மகன் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் புரோபயாடிக்குக்குப் போவதற்கு முன் க்ரியானை, அதாவது சாப்பாட்டோடு எடுக்கும் கணைய என்சைம் காப்ஸ்யூலை, பார்க்க வேண்டும். ‘அதைத்தான் பிறந்ததிலிருந்து கொடுக்கிறோமே’ என்பீர்கள். என் அனுபவத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வயிற்று உப்புசத்துக்குப் பின்னால் பாதிக்கு மேல் க்ரியான் சரியாகப் போகாததுதான் இருந்தது. சின்ன வயதில் அம்மா எண்ணிக் கொடுத்த காப்ஸ்யூலை இப்போது அவனே எடுக்கிறான், நண்பர்கள் நடுவில், பத்து நிமிட இடைவேளையில். உயரமும் எடையும் கூடிவிட்டன, சாப்பாடு இரண்டு மடங்காகிவிட்டது, காப்ஸ்யூல் எண்ணிக்கை மட்டும் பழையபடியே இருக்கும். பர்கருக்கு எடுப்பான், நாலு முறுக்குக்கோ ஒரு கை மிக்சருக்கோ எடுக்க மாட்டான், அதெல்லாம் சாப்பாடு இல்லை என்று நினைத்துக்கொண்டு. இங்கே நம் சமையலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மருத்துவமனையில் கொடுக்கும் கொழுப்புக் கணக்குப் புத்தகத்தில் பீட்சா இருக்கும், பாஸ்தா இருக்கும். தேங்காய்ச் சட்னியும் சொதியும் தாளித்துக் கொட்டும் எண்ணெயும் இருக்காது. வெறும் இட்லிக்குக் கொஞ்சம் போதும், அதே இட்லியை நல்லெண்ணெய்ப் பொடியில் தோய்த்தால் கணக்கே வேறு. பழம், வெறும் பழச்சாறு, பால் சேராத கஞ்சி இவற்றுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஒரு தம்ளர் பாலுக்குத் தேவை.

எடுக்கும் முறையும் முக்கியம். காப்ஸ்யூலுக்குள் இருக்கும் மணிகளின் மேல்பூச்சு அமிலத்தில் கரையாமல், சிறுகுடலுக்குப் போய்க் கரைய வேண்டியது. மென்றாலோ பொடித்தாலோ அந்தப் பூச்சு போய்விடும். எல்லாவற்றையும் முதல் வாயிலேயே விழுங்கிவிட்டு முக்கால் மணி நேரம் சாப்பிட்டால் கடைசியில் போன உணவுக்குத் துணை இருக்காது. பாதி ஆரம்பத்தில், மீதி நடுவில் என்று பிரிப்பது நல்லது. வெயிலில் நிற்கும் காரிலும் ஹீட்டர் பக்கத்தில் கிடக்கும் பள்ளிப் பையிலும் என்சைம் வீரியம் இழக்கும். 2024ல் பிரிட்டனில் க்ரியானுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மிச்சம் பிடிப்பதற்காகக் குறைத்து எடுக்கப் பழகிய குடும்பங்களும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் உங்கள் மருத்துவமனையின் சி.எஃப். குழுவிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளையை மறக்க முடியாது. 13 வயதுப் பெண். டப்பாவில் எண்ணி வைத்து அனுப்பிய காப்ஸ்யூல்கள் தினமும் தீர்ந்துதான் வந்தன. நாங்கள் எட்டு மாதம் என்னென்னவோ செய்தோம். அமிலத்தைக் குறைக்கும் மருந்து சேர்த்தோம், பாலை நிறுத்திப் பார்த்தோம், புரோபயாடிக்கும் கொடுத்தோம். ஒரு நாள் அவள் அம்மா வெளியே போயிருந்த ஐந்து நிமிடத்தில் அவளே சொன்னாள். கேன்டீனில் ஒருத்தி ‘அது என்ன மாத்திரை’ என்று கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டிவிடுகிறாளாம். முதல் மாதமே அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் பத்து வயது தாண்டிய ஒவ்வொரு பிள்ளையிடமும் பெற்றோர் இல்லாமல் பத்து நிமிடம் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உங்கள் கிளினிக்கிலும் அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கேட்பதாக இருந்தால் ‘எடுத்தியா?’ என்று கேட்காதீர்கள், ‘எந்த நேரத்தில எடுக்கக் கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே க்ரியானைக் கூட்டிவிடவும் வேண்டாம். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10,000 லிபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். 50 கிலோ பிள்ளைக்கு அது 5 லட்சம் யூனிட், அதாவது 25,000 யூனிட் காப்ஸ்யூலில் 20. இந்த எல்லைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வீரியம் கூடிய என்சைம்களை அதிகமாக எடுத்த குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கி அடைத்துக்கொண்டதை 1994ல் லிவர்பூல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் அளவில் கவனமானார்கள். எல்லைக்குப் பக்கத்தில் கொடுத்தும் மலம் எண்ணெயாக மிதக்கிறது, ஃப்ளஷ் செய்தும் ஒட்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமைப் பார்க்கும் பரிசோதனை அவனுடைய சொந்தக் கணையத்தைப் பற்றித்தான் சொல்லும். க்ரியான் போதுமா என்பதற்கு அது விடை தராது. மலத்தில் கொழுப்பு எவ்வளவு போகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து மலச்சிக்கல். ‘தினமும் போகிறான், அது எப்படி மலச்சிக்கல்?’ என்று கேட்பார்கள். தினமும் போனாலும் உள்ளே பாக்கி தங்கலாம், அதைச் சுற்றிக்கொண்டு நீராகவும் போகலாம். வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும். சி.எஃப்.பில் மட்டும் வரும் ஓர் அடைப்பும் உண்டு: சிறுகுடல் முடியும் இடத்தில், வலது அடிவயிற்றில், கெட்டியான மலமும் சளியும் சேர்ந்து அடைப்பது. சுருக்கமாக டியோஸ் என்பார்கள். வலது பக்க வலி, பச்சையாக வாந்தி, வயிறு கல்லாவது, மலமோ வாயுவோ போகாமலிருப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. வீட்டில் ஒன்றும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. இவை தவிர, சிறுகுடலில் கிருமிகள் பெருகுவது, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், பால் சர்க்கரை செரிக்காமை, ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடலில் பெருகும் சி. டிஃபிசில் என்ற கிருமியின் தொற்று என்று குழு பார்க்க வேண்டியவை சில உண்டு. இவற்றில் ஒன்று மறைந்திருக்கும்போது புரோபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மாதங்கள்தான் வீணாகும்.

சரி, புரோபயாடிக்குக்கு வருகிறேன். இங்கேதான் இழுபறி. 2007ல் இத்தாலியில் 38 பிள்ளைகளை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. லாக்டோபாசில்லஸ் ஜி.ஜி. என்ற வகையைக் கொடுத்தபோது நுரையீரல் தொற்று அடிக்கடி வருவது குறைந்ததாகத் தெரிந்தது. அப்போது நாங்கள் எல்லோரும் உற்சாகப்பட்டோம். அதே வகையை அதே நாட்டில் பல மையங்களில், 95 பிள்ளைகளுக்கு, ஒரு வருடம் கொடுத்துச் சோதித்தார்கள். 2018ல் முடிவு வந்தது: ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்து எதுவும் இல்லாத போலியை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2020ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு அதுவரை வந்த சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 464 பேர்தான், அதிலும் வெவ்வேறு வகை, வெவ்வேறு அளவு, வெவ்வேறு காலம். குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்ற அளவு மலத்தில் கொஞ்சம் குறையலாம் என்று தெரிந்தது. எடை, உயரம், நுரையீரல் தொற்று இவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் உறுதி குறைந்த சான்று என்றுதான் வகைப்படுத்தினார்கள். ஆய்வகத் தாளில் ஓர் எண் குறைவதும் பிள்ளைக்கு வயிறு லேசாவதும் ஒன்றல்ல. இன்று வரை சான்று வந்து நிற்கும் இடம் இதுதான். பயனே இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகவும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனைகள் சிறியவை, சிலருக்கு உதவலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. என்னிடம் வந்தவர்களிலும் சிலர் உப்புசம் குறைந்தது என்றார்கள். ஆனால் அதே மாதம் க்ரியானையும் நேர்படுத்தியிருந்தோம் என்பதால், எதனால் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

ஆன்டிபயாடிக்கோடு வரும் வயிற்றுப்போக்கு தனிக் கதை. அதில் சான்று கொஞ்சம் வலுவானது. 2019ல் வந்த காக்ரேன் தொகுப்பில் 33 சோதனைகள், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். புரோபயாடிக் எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. ஜி.ஜி. வகையும், சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்டும், ஒரு நாளைக்கு 500 முதல் 4,000 கோடி வரை கொடுத்தபோதுதான் இந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் சில நாள் மருந்து எடுத்த சாதாரணப் பிள்ளைகள். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. உங்கள் மகனுக்குக் குறுகிய கோர்ஸ் ஒன்று எழுதிக் கொடுக்கும்போது, அந்த நாட்களுக்கு மட்டும் முயலலாமா என்று குழுவிடம் கேட்பது நியாயமான கேள்வி.

ஆபத்து யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நரம்பு வழியாக மருந்து ஏற்ற நெஞ்சில் போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஈஸ்ட் வகை புரோபயாடிக் கொடுக்கவே கூடாது. அந்த ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து தீவிரத் தொற்று வந்த நிகழ்வுகளைப் பார்த்து 2017ல் ஐரோப்பிய மருந்து முகமை இந்தத் தடையைக் கடுமையாக்கியது. விழுங்கினால்தான் என்றில்லை, பக்கத்தில் யாராவது பாக்கெட்டைப் பிரித்த கையோடு குழாயைத் தொட்டாலே போதும். உறுப்பு மாற்று செய்தவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், உயிருள்ள கிருமி எதையும் குழுவைக் கேட்காமல் தொடக் கூடாது. உங்கள் மகனுக்குப் போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நான் இனி எழுதுவதற்கெல்லாம் முன்னால் அதுதான் நிற்கும்.

காப்ஸ்யூலைவிட அந்தப் பொடிதான் எனக்கு அதிகக் கவலை. லேபிளைப் படியுங்கள். இனுலின், சிக்கரி வேர் என்றிருந்தால் அது கிருமிகளுக்கான தீனி. பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்கும். வாயுதான் தொல்லை என்று வருகிறவனுக்கு அதையே ஊட்டுவதாகிவிடும். இசப்கோல் போன்ற நார்ப்பொடி போதிய தண்ணீர் இல்லாமல் போனால் ஏற்கெனவே மெதுவாக நகரும் குடலில் கெட்டிப்படும். ‘செரிமான என்சைம்’ என்று பப்பாளி, அன்னாசிச் சாறுகளைச் சேர்த்திருப்பார்கள். அவை புரதத்தை உடைப்பவை. கொழுப்புக்கு உதவாது, க்ரியானுக்கு மாற்றே இல்லை. வைட்டமின் ஏ சேர்த்திருந்தால், அவன் ஏற்கெனவே எடுக்கும் வைட்டமினோடு கூட்டிப் பார்க்க வேண்டும். காஃப்ட்ரியோ தொடங்கியபின் சிலருக்கு ரத்தத்தில் வைட்டமின் ஏ ஏறிவிடுகிறது, அதிகமானால் கல்லீரலைப் பாதிக்கும். மூலிகைக் கலவையில் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் இருந்தால் அது காஃப்ட்ரியோவின் வேலையையே கெடுக்கும். கிரேப்ஃப்ரூட் அதற்கு நேர்மாறாக மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

மஞ்சளைப் பற்றி நம்மவர்கள் தவறாமல் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2004ல் மஞ்சளில் உள்ள குர்க்குமின் எலிகளில் சி.எஃப். கோளாறைச் சரிசெய்கிறது என்று பெரிய அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. நம் வீடுகளில் எவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. குழம்பில் போடும் மஞ்சள் போடுங்கள். மிளகுச் சத்து சேர்த்த குர்க்குமின் காப்ஸ்யூல் வேண்டாம். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் என்சைம்களில் மிளகுச் சத்து குறுக்கிடக் கூடியது, காஃப்ட்ரியோவும் அதே பாதையில்தான் சிதைகிறது. குளூட்டாதயோன் என்ற துணைச் சத்தும் இப்படித்தான்: முதலில் வந்த ஆய்வு எடை கூடுகிறது என்றது, பிறகு அமெரிக்காவில் கவனமாக நடத்திய சோதனையில் அந்தப் பயன் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு, க்ரியானும் மலச்சிக்கலும் பார்த்தாயிற்று, போர்ட் இல்லை, குழுவும் சரி என்கிறது என்றால் புரோபயாடிக்கை முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் பையன் தன் உடம்புக்குத் தானே ஏதோ தேடுகிறான், அந்த அக்கறையை அணைத்துவிடக் கூடாது. பிராண்டுக்குப் பதிலாக மூன்றைப் பாருங்கள். நுண்ணுயிரின் பெயர் கடைசி அடையாளம் வரை எழுதியிருக்கிறதா. ‘லாக்டோபாசில்லஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது எது என்றே தெரியாது. 2020ல் அந்தப் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டதால் ஒரே நுண்ணுயிர் ஒரு டப்பாவில் லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்றும் இன்னொன்றில் லாக்டிகேசிபாசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். இரண்டாவது, எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா. மூன்றாவது, ஒரே வகை உள்ளதாக இருக்கட்டும். பத்து வகை கலந்திருந்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் எது என்று தெரியாது. எட்டு வாரம் கொடுங்கள். அந்த எட்டு வாரம் வேறு எதையும் மாற்றாதீர்கள். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அவனையே குறித்து வைக்கச் சொல்லுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை முறை போனான், எப்படிப் போனது. வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம்.

உங்கள் அம்மாவின் தயிருக்கு வருகிறேன். கொடுங்கள். அதை மருந்தென்று எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. புரதமும் கால்சியமும் கலோரியும் உள்ள நல்ல உணவு அது. முழுப்பால் தயிரில் கொழுப்பு உண்டு, அதற்கும் க்ரியான் வேண்டும். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் ஆவியில் வேகும்போதே செத்துவிடும், அதனால் இட்லியைப் புரோபயாடிக் கணக்கில் சேர்க்க முடியாது. பழைய சோற்றிலும் தயிரிலும் அவை உயிரோடு இருக்கும். மோர் விஷயத்தில் அம்மா சொல்வதற்கு என் முழு ஆதரவு, காரணம்தான் வேறு: உப்பு. சி.எஃப். உள்ளவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகமாக வெளியேறுகிறது. உப்பும் நீரும் குறைந்தால் குடலில் இருப்பதும் கெட்டிப்படும், அடைப்பு வரும் வாய்ப்பு கூடும். கால்பந்து ஆடி வரும் நாட்களிலும், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும், உப்புப் போட்ட மோர் பெரிய தம்ளரில் இரண்டு முறை கொடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு உப்பு மாத்திரை எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன் கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். க்ரியானைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையோடு கொண்டுபோகும் பையில் வையுங்கள்.